யாரைக் கேட்டு?

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்பது அது. மகன் பூர்வீக நிலத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான்; தாய் அப்படிக் கேட்கிறாள். கணவன் மனைவியின் வளையலை அடகு வைத்துவிட்டு வருகிறான். மனைவி அப்படிக் கேட்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பெயரைக் கேட்கும் கேள்வி. ஆனால், பெயரைச் சொன்னால் யாரும் சமாதானம் அடைவதில்லை. "இந்தக் காரியத்தில் நானும் ஒருத்தி இல்லையா?" என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள்.

குற்றம் செய்தவன் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "அதுதான் இப்போது சொல்லிவிட்டேனே!" முடிந்த காரியத்தைத் தெரிவிப்பதும் முடிவு செய்வதற்கு முன்னால் கலந்து கேட்பதும் ஒன்றே என்று அவன் நினைக்கிறான். விவரமாகவும் அன்பாகவும் எடுத்துச் சொன்னால் கேட்டதற்குச் சமம் ஆகிவிடும் என்று நம்புகிறான். எவ்வளவு தேன் கலந்து சொன்னாலும் சொன்னது சொன்னதுதான், கேட்டது ஆகாது. இந்தச் சின்ன வேறுபாட்டில் மனிதனுடைய மானம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பழைய வீட்டுக் கேள்வி இன்று ஆபீசுகளுக்குள் நுழைந்திருக்கிறது. நுழைத்து வைத்தது ஒரு யந்திரம். 2022 நவம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'சாட்ஜிபிடி' என்ற பெயரில் அதை உலகத்தின் முன் வைத்தது. அதன்பின் அதைப்போன்று பல வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறோம். மனிதர்கள் எழுதிக் குவித்ததில் ஒரு பெரும்பகுதியை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத்தகும் என்பதை அந்தப் பெருங்குவியலிலிருந்து கற்றுக்கொண்டு, சொல்லின் பின் சொல்லாக அடுக்கி, கடிதம் எழுதுகிறது. கணக்குக்கு விளக்கம் எழுதுகிறது. நூறு பக்க அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கித் தருகிறது. தெரிந்ததைச் சொல்லும் அதே தைரியத்தோடு தெரியாததையும் சொல்லிவிடும் குணமும் அதற்கு உண்டு. அந்த விஷயத்தில் அது நம்மில் சிலரைப் போலத்தான்.

குமாஸ்தாக்கள் செய்துவந்த வேலையில் பெரும்பங்கு இதனால் செய்ய முடிகிற வேலை. ஆகவே கம்பெனிகள் தங்கள் வேலைமுறையை அடியோடு திருத்தி அமைக்க முற்பட்டிருக்கின்றன. அதற்குமுன் ஊழியர்களை அதற்குத் தயார்படுத்த வேண்டுமாம். பயிற்சி வகுப்பு நடக்கிறது; சான்றிதழ் தருகிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன் வேலையைத் தானே அலசிப் பார்த்து, எந்தப் பகுதியை யந்திரத்திடம் கொடுக்கலாம் என்று எழுதித் தரும்படி சொல்கிறார்கள். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. நியாயம் எங்கே தட்டுப்படுகிறது என்பதைத் தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஒரு பெண் எனக்குக் காட்டினாள்.

பொட்டிப்புரம் என்று அந்த ஊருக்குப் பெயர். போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நியூட்ரினோ என்ற சொல்லோடு சேர்ந்து அந்தப் பெயர் நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். போடியில் ஏலக்காய்க் கடையில் முப்பது ஆண்டு காலம் காயைத் தரம் பார்த்தவர். ஒரு பிடி காயைக் கையில் அள்ளினால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த காய் எவ்வளவு, சுருங்கல் எவ்வளவு, புகைக்கூண்டில் சூடு கூடிப்போய் நிறம் வெளுத்தது எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவருடைய மகள் பட்டதாரி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் ஏழு ஆண்டுகளாக வேலை. கொரோனாக் காலத்திலிருந்து வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள்.

நான் போயிருந்த அன்று அவள் ஒரு கேள்வியோடு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். என்னென்ன வேலை செய்றோம், எப்படி எப்படிச் செய்றோம்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. ஆறு வாரம் டயம். நான் உள்ளதை உள்ளபடி எழுதிரவா, இல்லை கொஞ்சம் எனக்குன்னு வச்சுக்கிரவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தகப்பனார் முந்திக்கொண்டார். "இதுல கேக்க என்ன இருக்கு பாப்பா? நூலு கையில இருக்கிற மட்டுந்தான் பட்டம் நம்மளுது. முழுக் கண்டையும் தூக்கிக் குடுத்துட்டா அப்புறம் அவுகளுது."

"அப்படி என்னம்மா உனக்கு மட்டும் தெரியும்?" என்று கேட்டேன். அவள் சொன்ன விவரம் எனக்கு வியப்பாக இருந்தது. ஓர் ஆஸ்பத்திரி மாதத்தை முன்னால் போட்டுத் தேதி எழுதும். இன்னொன்று நாளை முன்னால் போடும். ஒரே சுருக்கெழுத்தை ஒரு டாக்டர் ஒரு நோய்க்கும், வேறொரு டாக்டர் வேறொரு நோய்க்கும் போடுவார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏழு ஆண்டில் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டுத் தெரிந்துகொண்டவை. பரீட்சார்த்தமாக யந்திரத்திடம் நூறு காகிதங்களைக் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொன்னார்களாம். அழகாக எழுதிற்றாம். ஒன்றில் மட்டும், நோயாளி வீடு திரும்பிய தேதி மூலக் காகிதத்திலேயே இல்லை. யந்திரம் தானாக ஒரு தேதியைப் போட்டுவிட்டது. அந்தத் தேதியை நம்பியிருந்தால் எங்கோ ஒரு தேசத்தில் ஒரு நோயாளிக்குச் சேரவேண்டிய பணம் சேராமல் போயிருக்கும். இவள் கண்ணில் பட்டதால் தப்பிற்று.

இவள் முன் இருக்கும் கேள்வி உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரம் பற்றியது மட்டும் அல்ல. வேலை செய்து பெற்ற அறிவு யாருக்குச் சொந்தம்? அதை ஒளிப்பது பாவமா? ஒளிக்காமல் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பது தர்மமா? இப்படி மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன.

முதலில் தகப்பனாரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். அது நம் நாட்டில் மிகவும் பழைய கட்சி. சிலம்பம் கற்றுக் கொடுக்கிற வாத்தியார் கடைசி அடவைச் சொல்லமாட்டார் என்பார்கள். நாட்டு வைத்தியர் மருந்தைத் தருவார். மூலிகையின் பெயரைத் தரமாட்டார். ஏழை மனிதனுக்கு அறிவைத் தவிர வேறு ஆஸ்தி இல்லாதபோது அதைப் பூட்டி வைத்தான். அதை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால், பூட்டி வைத்ததன் விளைவு என்ன? பல வித்தைகள் அவற்றை அறிந்தவர்களோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டன. ஒளித்தவனுக்கும் லாபம் இல்லை; ஊருக்கும் லாபம் இல்லை. தவிரவும், இந்தப் பெண் ஒளிக்கப்போவது மூலிகையின் பெயர் அல்ல. யந்திரம் எங்கே தவறு செய்யும் என்பதை ஒளித்தால், கம்பெனியை அது வருத்துவதற்கு முன்னால் முகம் தெரியாத ஒரு நோயாளியை வருத்திவிடும்.

கம்பெனியின் கட்சி என்ன? "உனக்குச் சம்பளம் கொடுத்தோம். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் காகிதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். ஆகவே நீ கற்றது எங்களுடையது" என்பது. இதிலும் பாதி உண்மை உண்டு. கம்பெனி இல்லையென்றால் அந்தக் காகிதங்கள் அவள் கண்ணில் பட்டிருக்கமாட்டா. ஆனால், மாதச் சம்பளம் அந்த மாதத்து வேலைக்கு. சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி பார்க்கும் வழக்கத்தை அவளுக்கு யாரும் விலை கொடுத்து வாங்கித் தரவில்லை. வேலையைச் சரியாகச் செய்யவேண்டும் என்ற அக்கறையிலே விளைந்தது அது.

நம் நாட்டு நிலத்தில் இதே வழக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. நிலம் மிராசுதாருக்குச் சொந்தம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்காக மேடு திருத்தி, வரப்பு உயர்த்தி, உரம் போட்டுப் பயிரிட்ட குத்தகைதாரனை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. 1955இல் சென்னை ராஜ்யத்தில் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 'நினைத்தபடி வெளியேற்றக் கூடாது' என்று பதில் சொல்லிற்று. உழைப்பு ஒரு பொருளின்மேல் படிந்து படிந்து ஓர் உரிமையாக மாறும் என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. மண்ணுக்கு ஒப்புக்கொண்டதைக் காகிதத்துக்கு ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

இனி, 'தயார்படுத்துதல்' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நாற்றங்காலைத் தயார் செய்கிறோம். இட்லிக்கு மாவு தயார் செய்கிறோம். நாற்றங்காலும் மாவும் வாய் திறப்பதில்லை. வாய் உள்ள ஒன்றையும் நம் கிராமங்களில் தயார் செய்வதுண்டு. கோயிலில் வெட்டுவதற்கு நிறுத்திய ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் நீரைத் தலையில் தெளிப்பார்கள். நீர் பட்ட ஆடு உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்டும். "உத்தரவு கிடைத்துவிட்டது" என்று கூட்டம் மகிழும். தலையில் தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கத்தான் செய்யும். பயிற்சி வகுப்பின் முடிவில் ஒரு படிவத்தை நீட்டி, "புதிய முறைக்கு நான் தயார்" என்ற கட்டத்தில் குறியிடச் சொல்கிறார்களாம். நூற்றுக்கு நூறு பேரும் குறியிடுகிறார்களாம். எனக்கு அந்த மஞ்சள் நீர்தான் நினைவுக்கு வந்தது.

பொட்டிப்புரத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்து, அதன் முடிவில் 50,000 டன் காந்த இரும்பை நிறுத்தி, நியூட்ரினோ என்னும் துகளை ஆராயத் திட்டம் வந்தது. 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவில் அதற்கு ஒப்புதல் அளித்தது. விஞ்ஞானிகள் நல்லவர்கள், அறிவாளிகள். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களில் இந்திய விஞ்ஞானிகளும் உண்டு. அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் இவர்கள். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு விளக்கினார்கள். நியூட்ரினோ நம் உடம்பின் வழியே ஒவ்வொரு விநாடியும் லட்சம் கோடிக் கணக்கில் ஊடுருவிப் போய்க்கொண்டேயிருக்கிறது, அதனால் ஒரு தீங்கும் இல்லை என்றார்கள். அது உண்மைதான். ஊர் மக்களோ, தண்ணீர் என்னாகும், மேய்ச்சல் என்னாகும், பாறையை வெடித்தால் மலை என்னாகும் என்று கேட்டார்கள். துகளைப் பற்றிய பதிலால் தண்ணீரைப் பற்றிய கேள்வி தீரவில்லை. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, அந்த மலையில் இதை அனுமதிக்க இயலாது என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அந்த ஆராய்ச்சி வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விளக்கத்தை எவ்வளவு பெருக்கினாலும் கேட்காத குறை அதனால் நிரம்புவதில்லை என்பதற்கு மட்டும் அந்த மலையைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

"கேட்டால் காரியம் நடக்குமா? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்" என்று முதலாளி கேட்கக்கூடும். நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஆமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். 224 தறிகள் கொண்ட ஒரு கூடத்தில் வேலையை விஞ்ஞான முறைப்படி அளந்து, 12 வகையாகக் கூறு போட்டு, ஆளுக்கு ஒரு கூறு கொடுத்தார்கள். அமெரிக்காவில் டெய்லர் என்பவர் 1911இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பிய முறை இது. எப்படிச் செய்வது என்பதை மேலே உள்ளவர் யோசிப்பார், கீழே உள்ளவர் செய்வார் என்பது அதன் சாரம். தறியோ எதிர்பார்த்த பலனைத் தரவில்லை, துணியும் பழுதாயிற்று. 1953இல் லண்டனிலிருந்து ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். சில தறிகளைச் சேர்த்து ஒரு குழுவிடம் முழுப்பொறுப்பாக விட்டால் என்ன என்று ஒரு யோசனையை முன்வைத்தார். அவ்வளவுதான், தொழிலாளர்களும் மேஸ்திரிகளும் அந்த யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் யாரோடு சேர்வது, யார் எதைப் பார்ப்பது என்று தாங்களே வகுத்துவிட்டார்கள். முதலில் கொஞ்ச காலம் தடுமாற்றம் இருந்தது. பிறகு உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. 1958இல் ரைஸ் இதை ஒரு நூலாக எழுதினார். 1970இல் மில்லர் என்பவர் போய்ப் பார்த்தபோதும் அந்த ஆலையின் ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. தறி அதே தறிதான். வேலையைத் தெரிந்தவர்கள் வேலையை அமைத்தார்கள் என்பது ஒன்றே வித்தியாசம்.

பாங்குகளிலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊழியர்கள் அஞ்சிய காலம் அது. 1983 செப்டம்பரில் பாங்குகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த யந்திரம், எங்கே, எத்தனை என்பது வரையில் அதில் எழுதினார்கள். அன்று அதைப் பலர் கேலி செய்தார்கள். முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்றார்கள். யந்திரம் சற்று மெதுவாக வந்தது என்பது மெய்தான். வராமல் போய்விடவில்லை.

என் ஜாதிக்காரர்களான எழுத்தாளர்களும் ஒரு முறை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதுகிறவர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதன் முடிவில் வந்த ஒப்பந்தப்படி, யந்திரத்தை உபயோகித்தே தீரவேண்டும் என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. யந்திரம் எழுதியதை அவர் கையில் கொடுத்தால், அது யந்திரம் எழுதியது என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். அவர்கள் யந்திரத்தை உடைக்கவில்லை. "எங்களைக் கேட்டு உபயோகி" என்றார்கள். நாங்கள் இங்கே எழுதிய கதைகளும் யந்திரத்தின் வயிற்றுக்குள் போயிருக்கலாம். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லவேண்டும். "போட்டி உலகம் இது. எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்துக் கடைக்காரன் முந்திவிடுவான். பிறகு கேட்பதற்குக் கம்பெனியே இருக்காது." இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால், அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. சுவீடன் நாட்டில் கிளார்னா என்ற கம்பெனி, தன்னுடைய யந்திரம் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் பெருமையோடு அறிவித்தது. மறு ஆண்டே, தரம் குறைந்ததென்று ஒப்புக்கொண்டு, வாடிக்கைக்காரர்களோடு பேசுவதற்கு மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கிற்று. நம் தேசத்திலே டி.சி.எஸ். கம்பெனி 2025 ஜூலையில், தன் ஊழியர்களில் நூற்றுக்கு இருவரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாகச் சொல்லிற்று. காரணம் யந்திரம் அல்ல, வேண்டிய திறமை பொருந்தாமைதான் என்று அதன் தலைவர் விளக்கினார். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், மேஜைமுன் உட்கார்ந்திருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும்? 'திறமை' என்ற சொல்லுக்கு இனி நாம் பொருள் சொல்லப்போவதில்லை, வேறு யாரோ சொல்லப்போகிறார்கள் என்றுதான் சொல்லியிருக்கும். அப்படிப்பட்ட மனநிலையில் இருக்கிறவனிடம் போய், "உன் வேலையை ஒளிவு மறைவு இல்லாமல் எழுதிக்கொடு" என்றால் அவன் எழுதித் தருவானா? பாதியை எழுதுவான். அந்தப் பாதியை நம்பி யந்திரத்தை ஓட்டுவார்கள். எழுதாத மறுபாதியில்தான் அந்த நோயாளியின் தேதி இருக்கும்.

அப்படியானால் அந்தப் பெண் என்ன செய்வது? நான் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

அவளுக்குத் தெரிந்தவற்றை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஒளித்தால் மூன்றாவது மனிதன் ஒருவனுக்குத் தீங்கு வரும் என்பவை ஒரு வகை. யந்திரம் இல்லாத தேதியைப் போடுகிறது, இந்தச் சுருக்கெழுத்தைத் தவறாகப் படிக்கிறது என்பவை அந்த வகை. அவற்றைச் சொல்லியே தீரவேண்டும். கேட்டாலும் சொல்லவேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். அதற்கு விலை பேசக் கூடாது. ஏனென்றால் அது கம்பெனிக்குப் பட்ட கடன் அல்ல. நோயாளிக்குப் பட்ட கடன். வேலையை விரைவாக முடிக்க அவளே கண்டுபிடித்த வழிகள் மற்றொரு வகை. அவற்றால் கம்பெனிக்குச் செலவு மிச்சம் ஆகும் என்பதைத் தவிர வேறு விளைவு இல்லை. அவற்றைக் கொடுப்பதற்கு முன்னால் பதில் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. மிச்சமாகும் நேரத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? எந்தப் பகுதி யந்திரத்துக்கு, எந்தப் பகுதி எங்களுக்கு என்று பிரிக்கும் மேஜையில் எங்களுக்கு நாற்காலி உண்டா? யந்திரம் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவது நான் என்றால், அதை நிறுத்தவும் எனக்கு அதிகாரம் உண்டா?

மூன்றாவது கேள்வியை லேசாக நினைக்கக் கூடாது. கனடா நாட்டில் ஒரு விமானக் கம்பெனியின் பதில் சொல்லும் யந்திரம், ஒரு பிரயாணிக்குக் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது, யந்திரம் தனி நபரைப்போல. அது சொன்னதற்கு அதுதான் பொறுப்பு என்ற தோரணையில் கம்பெனி வாதாடிற்று. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, கம்பெனிதான் பொறுப்பு என்றது. பெரிய கம்பெனியே பழியை யந்திரத்தின் தலையில் போடப் பார்க்கும் காலத்தில், அதிகாரம் இல்லாத குமாஸ்தாவின் தலையில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"இதையெல்லாம் ஒருத்தியாப் போய்க் கேட்டா என்னை முதல்ல அனுப்பிருவாங்க மாமா" என்றாள் அவள். நியாயமான பயம். வீட்டுக் கடன் உள்ளவளிடம் வீரத்தை எதிர்பார்ப்பது எனக்குச் சுலபம், அவளுக்கு அல்ல. ஆகவே தனியாகக் கேட்காதே, குழுவாகக் கேள் என்றேன். தகப்பனார் சொன்ன வழி ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கிறது. பக்கத்தில் இருப்பவளையும் சந்தேகிக்க வைக்கிறது. ஒளிப்பதற்குத் தனிமை வேண்டும். கேட்பதற்குக் கூட்டம் வேண்டும். அவளுடைய குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பினார்கள். முதல் இரண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு மட்டும், சந்தேகம் வந்தால் எந்தக் காகிதத்தையும் நிறுத்தி வைக்கலாம் என்று எழுத்து மூலமாக அனுமதி வந்தது. பெரிய வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்த ஒரு வரி கேட்டுப் பெற்ற வரி.

என் நண்பர் இதைக் கேட்டுவிட்டுத் தன் தொழிலைப் பற்றி ஒன்று சொன்னார். போடியில் முன்பெல்லாம் கூவித்தான் ஏலம் விடுவார்கள். 2007ஆம் ஆண்டு வாக்கில் நறுமணப் பொருள் வாரியம் கம்ப்யூட்டர் ஏலத்தைக் கொண்டுவந்தது. இப்போது திரையில் விலை ஏறுகிறது. வியாபாரி பொத்தானை அழுத்துகிறார். "சத்தம் போச்சு. ஆனா, இன்னைக்கும் மாதிரிக் காயைக் கையில எடுத்துப் பாக்காம ஒருத்தனும் பொத்தானை அமுக்க மாட்டான்" என்றார். கையால் பார்ப்பதை வியாபாரிகள் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கும்படி அவர்களை யாரும் தயார்படுத்தவும் இல்லை. காரணம் எளிது: பணம் அவர்களுடையது, ஆகவே அவர்களைக் கேட்டார்கள். பணம் போட்டவனைக் கேட்பது உலக வழக்கம். உழைப்பைப் போட்டவனையும் கேட்கவேண்டும் என்பதுதான் நாம் இன்னும் பழகவேண்டிய வழக்கம்.

யந்திரம் நல்லதா, கெட்டதா என்று வாதாடிப் பொழுதைப் போக்குகிறோம். அது நன்றாகவே எழுதுகிறது. நாளை இன்னும் நன்றாக எழுதும். சலிப்பூட்டும் வேலையை அது எடுத்துக்கொண்டால் அதற்காகக் கண்ணீர் விடுபவன் நான் அல்ல. ஆனால், ஒரு மனிதன் பகல் முழுதும் செய்கிற காரியத்தை மாற்றுவது அவன் வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்குச் சமானம். வீட்டில் இருப்பவனைக் கேட்காமல் யாரும் வீட்டைப் பிரிப்பதில்லை. கேட்டால் தாமதம் ஆகும். சில சமயம் 'வேண்டாம்' என்ற பதிலும் வரும். 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடம் வைக்காத கேள்வி கேள்வியே அல்ல. அது விளக்கத்துக்குப் போட்ட முகமூடி. கம்பெனிகள் ஊழியர்களைத் தயார்படுத்துவதற்கு முன்னால், அந்த ஒரு சொல்லைக் காது கொடுத்துக் கேட்பதற்குத் தங்களைத் தயார்படுத்திக்கொள்ளட்டும்.